வீடு வாங்கும்முன் எரிசக்திச் சான்றிதழைப் படிப்பது எப்படி?

வீடு விற்பனை விளம்பரங்களில் விலையும் அறைக் கணக்கும் பெரிதாக இருக்கும். கீழே ஓரமாக, பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பட்டைகளுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். 'டி' என்றோ 'இ' என்றோ. அதுதான் எரிசக்திச் சான்றிதழ் அந்த வீட்டுக்குக் கொடுக்கும் தரம்: 'ஏ' சிறந்தது, 'ஜி' மோசம். முதல் முறை வீடு வாங்கும் பலர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நடுவில்தானே இருக்கிறது" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். வாங்கிய வீட்டின் பின்பக்க அறையில் முதல் குளிர்காலத்தில் குழந்தையைப் படுக்கவைக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் சான்றிதழின் உள்பக்கங்களை எடுத்துப் படித்தேன். அந்த அறையின் சுவரைப் பற்றி ஒரு வரி இருந்தது: "வெப்பக்காப்பு இல்லை, அனுமானம்." வெப்பம் சுவரைக் கடந்து போகாமல் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை என்று அர்த்தம். வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே என் கைக்கு வந்த தாள் அது. அன்றே படித்திருந்தால் விலை பேசும்போது சொல்லியிருக்கலாம்.

அதனால் இதை முதல் முறையாக வீடு பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு விதி மாறும், வேலையின் வரிசை மாறாது. முதலில் அளவுகோலைப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு தாளைச் சரிபார்க்க வேண்டும், தாளோடு வீட்டைச் சுற்றிவர வேண்டும், பில்லைக் கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் விலை.

மதிப்பெண் யாருக்கு?

மதிப்பெண் வீட்டுக்குத்தான், குடியிருப்பவருக்கு இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளர் வந்து தளப்பரப்பை அளப்பார். கட்டிய காலம், சுவரின் வகை, கூரையில் வெப்பக்காப்பு உண்டா, ஜன்னல் எப்படி, வெந்நீர் எதிலிருந்து வருகிறது, வீட்டைச் சூடாக்குவது எது என்று குறித்துக்கொள்வார். எல்லாவற்றையும் ஒரு மென்பொருளில் போட்டால் எண்ணும் எழுத்தும் வரும். பெரும்பாலான இடங்களில் அவர் உங்கள் மின்கட்டண ரசீதைப் பார்ப்பதே இல்லை. ஒரு சராசரிக் குடும்பம் வழக்கமான வெப்பநிலையில் அங்கே வாழ்வதாக மென்பொருளே வைத்துக்கொள்ளும். பிரிட்டனின் கணக்கில் கூடம் 21 டிகிரியில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் மாதிரிதான் இதுவும். ஓட்டுபவரைப் பொறுத்து அது கூடும், குறையும். ஆனால் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.

ஜெர்மனியில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அங்கே இரண்டு வகைச் சான்றிதழ்கள் உண்டு. ஒன்று கட்டிடத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பது. மற்றது அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அங்கே உண்மையில் செலவான எரிசக்தியை வைத்துக் கொடுப்பது. இரண்டாவது வகை, முன்பு குடியிருந்தவரின் பழக்கத்தைத்தான் காட்டும். தனியாக இருந்த ஒரு முதியவர் ஒரே அறையைச் சூடாக்கிக்கொண்டு வாழ்ந்திருந்தால் ஓட்டை வீடும் நல்ல எழுத்து வாங்கிவிடும். கையில் இருப்பது எந்த வகை என்று முதல் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

இது கற்பனைக் கவலை இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெர்மனியின் சுமார் 3,400 வீடுகளைப் பார்த்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணக்கிட்ட அளவைவிட மக்கள் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே வெப்பத்துக்கு எரிசக்தி செலவழித்தார்கள். வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு இந்த இடைவெளியும் பெரிதாக இருந்தது. சூடாக்கினால் கட்டுப்படியாகாது என்று மக்கள் குளிரைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். "எங்களுக்குப் பில் குறைவாகத்தான் வந்தது" என்று விற்பவர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். கம்பளிக்குள் கழிந்த மாலைகள் அந்தச் சின்ன பில்லுக்குள் இருக்கலாம்.

அளவுகோல் எந்தத் திசையில் போகிறது?

வீட்டை விற்கும்போது எரிசக்தித் தரத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி அவ்வளவு பழையதில்லை. டென்மார்க் 1997-இல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் கான்பெரா அடங்கிய தலைநகரப் பிரதேசம் 1999-இல் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தன் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கும் ஆணையைப் பிறப்பித்தது. விளம்பரத்திலேயே தரத்தைக் காட்ட வேண்டும் என்பது 2010-இல் வந்த திருத்தம். ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு ஓர் அளவுகோலைச் செய்துகொண்டதால், ஒரு நாட்டில் கற்றதை இன்னொரு நாட்டில் அப்படியே பயன்படுத்த முடியாது.

பிரிட்டனில் 1 முதல் 100 வரை மதிப்பெண், கூடினால் நல்லது. 92-உம் அதற்கு மேலும் 'ஏ', 69 முதல் 80 வரை 'சி', 55 முதல் 68 வரை 'டி', 20 வரை 'ஜி'. இந்த மதிப்பெண் எரிசக்திக்கு ஆகும் பணச்செலவை வைத்துப் போடப்படுவது. அமெரிக்காவின் ஹெர்ஸ் அளவுகோல் இதற்கு நேர் எதிர். அங்கே 100 என்பது ஒரு மாதிரி வீடு, 0 என்பது தனக்கு வேண்டியதைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் வீடு, ஆக எண் குறைந்தால்தான் நல்லது. ஆஸ்திரேலியாவில் பத்து நட்சத்திரம் வரை உண்டு. கனடாவின் எனர்கைடு அளவுகோல் ஆண்டுக்கு இத்தனை கிகாஜூல் (எரிசக்தியின் ஓர் அலகு) என்று சொல்லும், அதிலும் குறைந்த எண்ணே நல்லது. அயர்லாந்தில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று உட்பிரிவும் இருக்கும். அங்கே 'ஏ1' என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 25 கிலோவாட் மணிக்குள், 'ஜி' என்றால் 450-க்கு மேல்.

கிலோவாட் மணி என்ற சொல் பயமுறுத்த வேண்டியதில்லை. நம் மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட்தான் அது.

எழுத்தை மட்டும் பார்த்தால் ஏன் ஏமாறுவோம் என்பதற்குப் பிரான்சின் அட்டவணை நல்ல உதாரணம். அங்கே ஒரு சதுர மீட்டருக்கு 110 முதல் 180 யூனிட் வரை 'சி', 180 முதல் 250 வரை 'டி'. 90 சதுர மீட்டர் வீடு ஒன்று 120 யூனிட் என்றால் ஆண்டுக்கு 10,800. அதே அளவுள்ள இன்னொரு வீடு 240 யூனிட் என்றால் 21,600. ஒன்று 'சி', மற்றது 'டி'. பட்டையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள், எரிசக்தியில் இரண்டு மடங்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: 179-உம் 181-உம் வேறு வேறு எழுத்து, ஆனால் அந்த இரண்டு வீடுகளிலும் வாழ்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். இந்த எண்ணை உங்கள் யூனிட் கட்டணத்தால் நேராகப் பெருக்கிவிடக் கூடாது. பல ஐரோப்பிய நாடுகளில் காட்டப்படுவது முதன்மை எரிசக்தி. மின் நிலையத்திலும் கம்பியிலும் வீணாவதையும் சேர்த்த கணக்கு அது. பிரான்சில் வீட்டில் எரியும் ஒரு யூனிட் மின்சாரத்தை 2.3 என்று பெருக்கி வந்தார்கள், 2026 ஜனவரி முதல் அது 1.9. அந்த மாற்றத்தால் மின்சாரத்தில் சூடாகும் வீடுகள் பல, ஒரு செங்கல்கூட மாறாமல் மேல் எழுத்துக்கு ஏறின. அதே நாட்டில் கரியமில வாயுவுக்கும் தனிக் கணக்கு உண்டு. இரண்டில் எது மோசமோ அதுதான் வீட்டின் எழுத்து.

வெயில் ஊர்களில் கதை வேறு. அங்கே குளிரூட்டும் செலவுதான் பெரிது. கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே இறக்குகிறது, மேற்கு பார்த்த ஜன்னலுக்கு நிழல் உண்டா என்பவைதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். இந்தியாவில் 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, பெரும்பாலான பகுதிகளில் சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. புதிதாகக் கட்டும் குடியிருப்பில் வாங்குகிறீர்கள் என்றால் இந்த எண்ணைக் கட்டுநரிடம் கேட்கலாம்.

தாள் இந்த வீட்டுடையதுதானா?

சான்றிதழில் முதலில் தேதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் அதிகபட்சம் பத்து ஆண்டுகள் செல்லும். பத்து ஆண்டு என்பது நீண்ட காலம். இடையில் பாய்லர் (வீட்டைச் சூடாக்க நீரைக் காய்ச்சும் கருவி) மாறியிருக்கலாம், ஓர் அறை கூடுதலாகக் கட்டியிருக்கலாம். பிரான்சில் கணக்கு முறையே 2021 ஜூலையில் மாறியது, அதற்கு முன் எடுத்தவை இப்போது செல்லாது.

அடுத்து தளப்பரப்பு. விளம்பரத்தில் 110 சதுர மீட்டர் என்று போட்டு, சான்றிதழில் 88 என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் சான்றிதழ் எடுத்த பிறகு விரிவுபடுத்திய பகுதியாக இருக்கும். அந்தப் பகுதிக்கு மதிப்பெண்ணே போடவில்லை என்று அர்த்தம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முகவரியை வைத்து அரசின் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பிரான்சில் சான்றிதழ் எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். ஏஜென்ட் அனுப்பிய படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மூலத்தைத் தேடி எடுங்கள், உள்பக்கங்கள் அதில்தான் இருக்கும்.

அந்த உள்பக்கங்களில் நீங்கள் தேட வேண்டிய சொல் 'அனுமானம்'. மதிப்பீட்டாளர் சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாததற்கும் ரசீது காட்டாததற்கும், வீடு கட்டிய காலத்தில் வழக்கமாக என்ன செய்தார்களோ அதைப் போட்டுவிடுவார். அனுமானம் இரண்டு பக்கமும் தவறலாம். உள்ளே நல்ல வெப்பக்காப்பு இருந்தும் காகிதம் இல்லாததால் மதிப்பெண் இழந்த வீடுகளும் உண்டு. எத்தனை வரிகளில் அந்தச் சொல் வருகிறதோ, அத்தனை இடங்களை நேரில் பார்க்க வேண்டும்.

கையில் தாளோடு வீட்டைச் சுற்றுவது

இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இயன்றால் குளிரும் காற்றும் உள்ள நாளில் போங்கள், வெயில் ஊரென்றால் பிற்பகலில். ஒரு டார்ச், ஒரு அளவுகோல், ஒரு ஊதுபத்தி போதும்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். சரிந்த கூரை உள்ள வீட்டில் பரணுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கும். அனுமதி கேட்டு ஏணியில் ஏறி, தலையை நீட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிப் பஞ்சு போட்டிருந்தால் அளவுகோலைச் செருகிப் பார்க்கலாம். பிரிட்டனில் இன்று பரிந்துரைக்கும் தடிமன் 270 மில்லிமீட்டர். பழைய வீடுகளில் 100 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதுவும் சாமான் வைக்க மிதித்து மிதித்து அமுங்கிப்போயிருக்கும். அமுங்கிய பஞ்சில் காற்று நிற்காது, காற்று நிற்காத பஞ்சு வெப்பத்தையும் நிறுத்தாது. கதவுக்கு அருகே மட்டும் போட்டுவிட்டு ஓரங்களில் வெறுமையாக விட்டிருப்பதும் உண்டு. கடைசி மூலை வரை வெளிச்சம் போக வேண்டும்.

ஜன்னலுக்கு வாருங்கள். ஒற்றைக் கண்ணாடியில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாகச் சுமார் 5 வாட் வெப்பம் வெளியே போகும். நல்ல இரட்டைக் கண்ணாடியில் ஒன்றரை வாட்டுக்கும் குறைவு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும், அதில் பல சமயம் தயாரித்த ஆண்டு அச்சிட்டிருக்கும். நடுவே பனித்த மாதிரி மங்கலாக இருந்தால் சீல் போய்விட்டது. முன்பக்க ஜன்னல்களைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடாதீர்கள், குளியலறையும் பின்பக்க அறையும்தான் வழக்கமாக விட்டுப்போகும்.

ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டம், கதவின் அடிப்பகுதி, சுவரும் தரையும் சேரும் இடம் ஆகியவற்றின் அருகே மெதுவாகக் கொண்டு போங்கள். புகை நேராக எழாமல் சாய்ந்தால் அங்கே காற்று கசிகிறது. இதையே முறையாகச் செய்யும் சோதனையும் உண்டு. வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று அளப்பார்கள். மிகக் குறைந்த எரிசக்தியில் ஓடும் வீடுகளுக்கான பாசிவ் ஹவுஸ் தரத்துக்கு அது 0.6 முறையைத் தாண்டக் கூடாது.

பாய்லரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் மாடலும் ஆண்டும் இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட் பம்ப் என்றால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரக்கூடிய கருவி அது. ஆனால் அறையைச் சூடாக்கச் சுவரோரம் பொருத்தும் வெந்நீர்த் தகடுகளான ரேடியேட்டர்கள் சின்னதாக இருந்தால் அந்த லாபம் கிடைக்காது. எல்லா அறைகளிலும் ரேடியேட்டர் இருக்கிறதா, ஒவ்வொன்றையும் தனியாக அடைக்க முடிகிறதா என்று திருகிப் பாருங்கள்.

கடைசியாக மூக்கை நம்புங்கள். ஓத வாடை, மூலையில் பூஞ்சணம், அலமாரிக்குப் பின்னால் புதிதாக அடித்த வெள்ளை. இவை சான்றிதழில் வராது. எனக்கு இதுதான் எழுத்தைவிட முக்கியம், ஏனென்றால் பூஞ்சணம் சுவரோடு நிற்பதில்லை, குழந்தைகளின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. வெப்பக்காப்பு போட்டுவிட்டுக் காற்றோட்டத்தை மறந்த வீடுகளில், நல்ல எழுத்து இருந்தாலும் ஓதம் அடிக்கும். சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

பில்லைக் கேளுங்கள்

பன்னிரண்டு மாத பில் வேண்டும், குளிர்காலமும் கோடையும் அதில் இருக்க வேண்டும். தொகையைவிட யூனிட்தான் முக்கியம், கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கூடவே இரண்டு கேள்விகள்: வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், பகலில் யாராவது இருந்தார்களா? சான்றிதழ் சொல்லும் எண்ணும் பில் சொல்லும் எண்ணும் வெகு தூரம் விலகி இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பரிந்துரைப் பக்கமும் பேரமும்

சான்றிதழின் பின்பகுதியில் என்னென்ன செய்தால் எந்த எழுத்துக்குப் போகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். மென்பொருள் தானாகப் போடுவது என்பதால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் பேரத்துக்கு அது நல்ல ஆதாரம். அதிலுள்ள இரண்டு மூன்று பெரிய வேலைகளுக்கு உள்ளூர் ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். "வீடு குளிரும்போலத் தெரிகிறது" என்று சொன்னால் ஏஜென்ட் சிரித்துவிட்டுப் போவார். "உங்கள் சான்றிதழின் மூன்றாவது பக்கம் சுவருக்கு வெப்பக்காப்பு இல்லை என்கிறது, அதைப் போட இவ்வளவு ஆகும் என்று இந்த மதிப்பீடு சொல்கிறது" என்றால் உட்கார்ந்து பேச வேண்டிவரும். பிரான்சில் 'எஃப்', 'ஜி' எழுத்துள்ள தனி வீடுகளை விற்க 2023 ஏப்ரல் முதல் விரிவான எரிசக்தித் தணிக்கையும் கட்டாயம், 2025 முதல் 'இ' வீடுகளுக்கும். அந்த நாட்டில் இந்தக் கணக்கை விற்பவரே உங்கள் கையில் கொடுத்தாக வேண்டும்.

எதிர்காலத்தில் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்கு பெறாத வீடுகளை 'இ'-க்குக் கீழ் எழுத்தோடு வாடகைக்கு விட முடியாது. பிரான்சில் 2025 ஜனவரி முதல் 'ஜி' வீட்டுக்குப் புது வாடகை ஒப்பந்தம் போட முடியாது. இந்த வரம்புகள் மேலே ஏறத்தான் போகின்றன.

வாங்கிய பிறகு வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று கேட்டால், என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதலில் கசிவுகளை அடையுங்கள், பிறகு கூரை, பிறகு சுவர், அதோடு காற்றோட்டம். ஜன்னல் அதற்கப்புறம். சூடாக்கும் கருவியை மாற்றுவது கடைசிக்கு முன். வீட்டின் தேவை குறைந்த பிறகு வாங்கினால் சின்னக் கருவியே போதும். கூரையில் சோலார் தகடு கடைசி. சோலார் எழுத்தைச் சட்டென்று உயர்த்திக் காட்டும், குளிர்ந்த அறையை அது சூடாக்காது. விற்பதற்குச் சற்று முன்பு சோலார் மட்டும் போட்டு 'பி' வாங்கிய வீட்டைப் பார்த்தால் சுவரைப் பற்றிய வரியை இரண்டு முறை படியுங்கள்.

விற்பவராக இருந்தால்

மதிப்பீட்டாளர் வரும் முன் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: சுவருக்குள் வெப்பக்காப்பு போட்ட உத்தரவாதச் சீட்டு, ஜன்னல் மாற்றிய ரசீது, பாய்லரின் கையேடு, தரைக்கு அடியில் போட்டதை வேலை நடக்கும்போது எடுத்த படங்கள். காட்டாத எதுவும் கணக்கில் வராது. பரண் கதவுக்குக் கீழே இருக்கும் சாமான்களை நகர்த்தி வையுங்கள், ஏற முடியாவிட்டால் அவர் அனுமானம்தான் போடுவார். வரைவைக் கேட்டு வாங்கித் தளப்பரப்பையும் சுவர் வகையையும் சரிபார்த்துவிட்டு, அப்புறம் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தக் கோப்பைச் சாவியோடு சேர்த்து வாங்குபவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த மதிப்பீட்டில் அவர்களுக்கு அது தேவைப்படும்.